முதலில் எதை மாற்றுவது

சித்தப்பா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார். ஆணியில் தொங்கிய கடிகாரம் கழன்று விழுந்து கண்ணாடி சிதறியது. ஹாலின் நடுவில், சவப்பெட்டிக்குள், அப்பா படுத்திருந்தார். தலையைச் சுற்றிய வெள்ளைத் துணி புருவம் வரை இறங்கியிருந்தது.

"வழுக்கி விழுந்தாராம்ல? எங்கடா வழுக்குனாரு? அந்த இடத்தக் காட்டு! இல்லேன்னா போலீசுக்குப் போவேன்!"

அவன் அக்கா, வீட்டின் பெரியவள், நடுவில் புகுந்து சித்தப்பாவின் கையைப் பிரிக்கப் பார்த்தாள். இரும்புப் பிடி. அப்பாவுக்கும் இதே கைதான். விரல் முட்டிகள்கூட அதே மாதிரி தடித்தவை.

"விடுங்க சித்தப்பா. கம்ப்யூட்டர் மேசைகிட்ட அட்டைப்பெட்டி கெடந்துச்சு. அதுல கால வச்சிட்டாரு. ஆஸ்பத்திரிலயும் அதத்தான சொன்னோம்."

"நீ சொன்ன. இவன் வாயால சொல்லட்டும்."

ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லியிருந்தாள். மூச்சுக்கூட விடாமல்.

வீடியோக்காரர் என்றால் தெருவில் அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, யார் எடுத்த படமானாலும் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பார். மணப்பெண் கண் கலங்கும் இடமும் பாட்டு ஏறும் இடமும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்து வரும். எல்லாமே ஹால் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில்தான். வேலை இல்லாத நாளில் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் விசிறியின் தூசியைத் தட்டுவார். அப்போது அவர் கை அத்தனை மெதுவாக இருக்கும். சின்ன வயதில் பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். தன் தலையில் ஒருநாள் அப்படி விழாதா என்று நினைத்திருக்கிறாள். விழுந்ததெல்லாம் வேறு மாதிரி.

கொஞ்ச காலமாகக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டே வந்துரலாம்" என்பான் தம்பி. உள்ளே டிஸ்க் டக் டக்கென்று முனகும். பாதி வேலையில் திரை அப்படியே உறைந்து நிற்கும். அது நின்றால் வீட்டில் யாருக்காவது அடி விழும். பெரும்பாலும் அம்மாவுக்கு. அந்த டக் டக் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சூடான பாத்திரத்தை எட்டத்தில் நகர்த்தி வைப்பாள்.

அதனால்தான் தம்பி கிடங்கில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசை எடுத்து வைத்தான். நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

"மொதல்ல டிஸ்க் மாத்தணும்ப்பா. இது எப்ப வேணா உயிர விடும். அப்புறம் மெமரி. அதுக்கப்புறம் பவர் சப்ளை. மானிட்டர் கடைசி. இருக்கறதே நல்லாத்தான தெரியுது?"

"பின்னாடி உக்காந்து பாக்கற கஸ்டமருக்கு உன் டிஸ்க்கா தெரியும்? பெரிய மானிட்டர் இருந்தாத்தான்டா மதிப்பான்."

"எஞ்சின் போன வண்டிக்குப் பெயின்ட் அடிக்கணும்ங்கறீங்க."

அதற்கு ஓர் அறை விழுந்தது. இருந்தாலும் காசை அவரிடம்தான் கொடுத்தான். கடைக்காரர் அவருடைய பழைய சிநேகிதர், பார்த்துக் கொடுப்பார் என்று. ஒரு சாமானுக்குத்தான் பத்தும். டிஸ்க் என்றுதான் பேச்சு.

முந்தாநாள் மாலை அப்பா மார்போடு அணைத்துக்கொண்டு வந்தது மானிட்டர். கதவளவு அட்டைப்பெட்டி. அவரே பிரித்து, துடைத்து, மாட்டினார். ஏதோ ஒரு மணப்பெண்ணின் முகம் மூலைக்கு மூலை நிறைந்து வந்தது. அப்பா பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். டக் டக். பெண் பாதி இமையோடு நின்றுவிட்டாள்.

தம்பி சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டான்.

"யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாத்த கதைதான்."

பழைய மானிட்டரின் ஒயரை இரண்டாக மடித்து அப்பா வீசினார். முதல் வீச்சு தம்பியின் கன்னத்தில். அம்மா ஓடி வந்து குறுக்கே நின்றாள். அடுத்தது அவள் கழுத்தில். அதன் பிறகு அவர் தம்பியை மறந்துவிட்டார். அம்மா மண்டிபோட்ட பிறகும் ஒயர் முதுகில் இறங்கிக்கொண்டே இருந்தது. தம்பி இரண்டு கைகளையும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினான். அட்டைப்பெட்டி காலை வாரியது. கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பு முனையில் பின்னந்தலை மோதிய சத்தம், தேங்காய் உடைவதைப் போல, ஒரே ஒரு முறை. வாசற்படியில் நின்ற பெரியவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கன்னத்துல என்னடா தழும்பு?" சித்தப்பா தம்பியின் முகத்தைத் திருப்பினார். "அண்ணன் அடிச்சாரா? அடிச்சா வாங்கிக்க வேண்டியதுதான? பெத்தவர் அடிக்காம வேற எவன் அடிப்பான்?"

"நான்தான்..." என்று தம்பி ஆரம்பித்தான்.

பெரியவள் அவன் வாயிலேயே ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்து முகவாயில் ரத்தம் வழிந்தது. வாழ்நாளில் அவனை அவள் அடித்ததில்லை. கை அவ்வளவு சுலபமாக எழுந்ததில் அவளுக்கே திக்கென்றது.

"வாய மூடு."

"நான்தான் தள்ளுனேன்."

சொன்னது அம்மா. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். "அவன விடுங்க. நான்தான் தள்ளுனேன்."

சித்தப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு பாய்ந்து அம்மாவின் கூந்தலைப் பற்றினார். தம்பி பின்னாலிருந்து அவர் மேல் விழுந்தான். இருவரும் உருண்டு மேசையில் மோதினார்கள். புது மானிட்டர் முகம் குப்புற விழுந்து உடைந்தது. தம்பி குத்தினான். சித்தப்பா அவன் தொண்டையை நெரித்தார். யாருடைய காலோ உதைத்ததில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது.

அப்பாவின் தலை மெல்ல உருண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

சித்தப்பாவும் தம்பியும் கிடந்த கிடையிலேயே திரும்பிப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து கதவோரம் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்து வந்தாள். பெட்டியை நிமிர்த்தினாள். அப்பாவின் தலையை நேராக்கி, துணியைச் சரிசெய்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. இப்போதும் உரக்கப் பேசவில்லை.

"போலீசுக்குப் போகணுமா? வாங்க, நானும் வரேன். உங்கண்ணன் விழுந்த கதைய நீங்க சொல்லுங்க. நான் மாடிப்படில விழுந்த கதையச் சொல்றேன். கை ஒடிஞ்ச கதையச் சொல்றேன். வயித்துல இருந்தது தங்காமப் போன கதையச் சொல்றேன். ஆஸ்பத்திரில ஒவ்வொரு தடவையும் நானும் வழுக்கித்தான விழுந்தேன்?"

சித்தப்பாவின் கை தம்பியின் தொண்டையிலிருந்து நழுவியது. அவர் எழுந்து, சட்டையை உதறிக்கொண்டு வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றார். தோள்கள் குலுங்கின. அண்ணனுக்காகவா, வேறு எதற்காவதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

தூக்கும் நேரம் வந்ததும் உள்ளே வந்தார். தலைப்பக்கம் ஒரு மூலையை அவரும் மறு மூலையைத் தம்பியும் பிடித்தார்கள். கடைசிவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து மூவரும் வீடு திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. பெரியவள் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். தம்பி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"அந்தக் கல்யாணப் பொண்ணு வீட்டுப் படம் உள்ள இருக்கு. டிஸ்க் போறதுக்குள்ள வெளிய எடுத்துரணும். ஃப்ரெண்ட்கிட்ட வேற டிஸ்க் இரவல் வாங்கி வச்சிருக்கேன்."

பழைய மானிட்டரைத் தூக்கி மேசையில் வைத்தான். ஒயரைக் கையில் எடுத்தவன் மாட்டாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். பெரியவள் அதை வாங்கிப் பின்னால் செருகினாள். நெடுநேரம் கழித்துத் திரை வெளிச்சமானது. படம் நகலாவதைக் காட்டும் பச்சைக்கோடு எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது.

"அக்கா. நான் போலீஸ்ல போய்ச் சொல்லிரட்டுமா?"

அவள் அவன் கிழிந்த உதட்டைப் பார்த்தாள்.

அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று உள்ளறைக்குப் போனாள். அம்மா வெறுந்தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடியைத் தடுப்பவள் போல முழங்கையை மடித்து முகத்தின் குறுக்கே வைத்திருந்தாள். நினைவு தெரிந்த நாளாக அம்மா தூங்கி அவள் பார்த்தது அப்படித்தான்.

எழுப்பக் குனிந்தாள். அம்மாவின் மூச்சு சீராக ஓட, அந்தக் கை தூக்கத்திலேயே தானாக நழுவி, உள்ளங்கை மேலே பார்க்க, பக்கத்தில் தரையில் விழுந்தது. பெரியவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.