அப்பா வழி

சல்வாவுக்கு ஆறு வயதுக்குள் நாற்பது தடவையாவது காய்ச்சல் வந்திருக்கும். கூடவே வாயெல்லாம் புண். பாடாங் நகர ஆஸ்பத்திரியில், காரணம் தெரிய, அப்பா அம்மாவோடு சேர்த்து மூவரின் ரத்தத்தையும் எடுத்த அன்றே, அவளைப் பெற்ற தெஸ்ரினா முடிவுகட்டிவிட்டாள், குற்றம் தன்னுடையதுதான் என்று. அவர்கள் ஊர் வழக்கப்படி வீடு தாய் வழி, குலம் தாய் வழி, நோய் மட்டும் வேறு வழியாகவா வரும்? மூன்று வாரமாக அவள் அம்மாவும் சித்திகளும் தங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்களையெல்லாம் எழுப்பி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் ஜுல்ஹெர்மானை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டோடு வந்த மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லையாம்.

இன்று முடிவு வந்திருந்தது.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. "உடம்புல காவல் செல்கள் இருக்கு. அதுங்க வளர்றப்பவும் சண்டை போடுறப்பவும் உள்ள இருக்கிற புரதங்கள் மேல குட்டிக் குட்டியா கட்டளைச் சீட்டு ஒட்டிக்கும். வேலை முடிஞ்சதும் அதைப் பிச்செடுக்க ஒரு நொதி உண்டு. சல்வாவுக்கு அது பாதிதான் இருக்கு. அதான் கிருமி போன பின்னாலயும் செல்லுங்களுக்குக் கோபம் அடங்கல. மருந்து இருக்கு, அடக்கி வெச்சிடலாம்."

"என்கிட்டேருந்துதானே வந்துச்சு?" என்றாள் தெஸ்ரினா.

"உங்க ரத்தம் சரியா இருக்கும்மா. இது அப்பா வழி." டாக்டரம்மா ஜுல்ஹெர்மான் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வாய்ப்புண் வருமா?"

அவன் மேசையைப் பார்த்தான். "வரும். சின்ன வயசுலேருந்தே."

தெஸ்ரினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அம்மா மிளகாய் அரைத்தால் தெருவுக்கே கண் கலங்கும். ஒன்பது வருடமாக அந்தக் காரச் சோற்றில் இவன் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. மெல்ல மெல்லச் சாப்பிடுவதைப் பார்த்து, எவ்வளவு பதவிசான பிள்ளை என்று சித்திகள் மெச்சிக்கொள்வார்கள்.

"ஏன் சொல்லல?"

"அத்தை ஆசையா போடுறதை எப்படி வேணாம்ங்கிறது?"

"அதுக்காக? கல்லுளிமங்கன் மாதிரி ஒன்பது வருஷமா!" அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டியிருந்தது. இரண்டும் முடியாமல், பிள்ளைக்குச் செய்வதுபோல அவன் தாடையைப் பிடித்தாள். "ஆ காட்டுங்க."

நாக்கோரத்தில் வெள்ளையாய் மூன்று புண்கள்.

சல்வா நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவளின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"ஐ, அப்பா! எனக்கும் அதே இடத்துலதான்! ரொம்ப வலிக்குதாப்பா?"

ஜுல்ஹெர்மான் மனைவியை ஒருமுறை பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான். "ரொம்ப வலிக்குது."