புளி போட்டுத் தேய்த்த கெட்டில்

மூன்றாவது முறையும் தண்ணீர் சிவப்பாகத்தான் வந்தது. யோகேஸ்வரி கெட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். வியாழன், காலை பத்தரை. நாளை மதியம் மொரிட்டா மேடம் ஜப்பானிலிருந்து திரும்புகிறார். வந்ததும் முதலில் இந்த இரும்புக் கெட்டிலில்தான் தண்ணீர் வைப்பார்.

மேடத்தின் கணவர் மலேசியாவின் கூலிமில் ஒரு தொழிற்சாலை மேலாளர்; அவர்கள் வீட்டில் அவள் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். சாவியும் அவளிடம்தான். கெட்டிலுக்குச் சோப்பு போடாதே என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் போடவில்லை. தன் வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் உள்ளே தேய்த்தாள். அடியில் படிந்திருந்த வெள்ளைக் கறை போய் இரும்பு பளிச்சிட்டது. அது நேற்று. இன்று உள்ளே முழுக்கத் துரு.

கணவன் பரஞ்சோதி பக்கத்து ஊரான லூனாஸில் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். இன்று அவனுக்கு விடுமுறை. கெட்டிலைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கிளம்பினாள்.

வாசலில் காவலாளி ரவிச்சந்திரன் சிரித்தான். “என்னக்கா, கூடை கனமா இருக்கு? மேடம் இல்லன்னு வீட்டையே தூக்கிட்டுப் போறீங்களா?”

“ஆமா தம்பி. பிரிட்ஜை நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்.”

கூடையை மாட்டி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

பரஞ்சோதி கெட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிப்புறம் முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளிகள்.

“நாங்க ஊத்துற சாக்கடை மூடி விரல் தடிமன். இது பாரு, எவ்ளோ மெலிசு! இப்படி ஊத்துனா பாதியிலேயே இரும்பு உறைஞ்சிடும். புள்ளி மேல போகப்போகச் சின்னதாவுது பாத்தியா? மண் அச்சுல ஒண்ணொண்ணா கையால குத்திருக்கான். மிஷின் வேலை இல்ல.”

“அத இப்ப ஏன் சொல்றீங்க? நாளைக்கு மேடம் வந்துடுவாங்க. தேங்கா எண்ணெய் தடவவா, தோசைக்கல்லுக்குத் தடவுற மாதிரி?”

“சும்மா இரு லா. புளி போட்டதே போதும்.”

கைப்பேசியில் ஒரு ஜப்பானியக் காணொளி கிடைத்தது. பேச்சு இருவருக்கும் புரியவில்லை. கைகளை மட்டும் பார்த்தார்கள். ஒருவர் புதுக் கெட்டிலைக் கரி நெருப்பில் சிவக்கச் சுட்டார். ஆறியதும் உள்ளே சாம்பல் நிறத் தோல் பிடித்திருந்தது. “துரு ஏறாம இருக்க அதான் காவல்” என்றான் பரஞ்சோதி. கடைசியில் அவரே துருப்பிடித்த பழைய கெட்டிலில் பச்சைத் தேயிலையைத் துணியில் முடிந்து போட்டுக் கொதிக்க வைத்தார்.

மேடத்தின் தேயிலை டப்பாவைத் தொட அவளுக்கு மனமில்லை. லூனாஸ் கடையில் வாங்கி வந்து, அதேபோல் முடிந்து கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைத்தாள். இருபது நிமிடத்தில் தண்ணீர் மை போலக் கருத்தது.

“கரியாப் போச்சுங்க!”

“துரு கருப்பாவுது. ஊத்திட்டு மறுபடி வை.”

நான்காவது முறை தண்ணீர் தெளிந்தது. உட்புறம் கருப்பாகிவிட்டது. வெள்ளை மட்டும் திரும்பவில்லை.

“அதான் தெளிஞ்சிடுச்சில்ல? வாயைத் திறக்காத” என்றான்.

மறுநாள் மேடம் பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுப்பங்கரைக்குப் போனார். கெட்டிலின் மூடியைத் தூக்கியவர் தண்ணீர் பிடிக்கவில்லை. உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.  யோகேஸ்வரி வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நான்தான் மேடம்,” என்றாள் மலாயில். “புளி போட்டுத் தேச்சிட்டேன்.”

“புளியா? மீன் கறிக்குப் போடுவாயே, அதுவா?”

“அதுதான்.”

மேடம் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொதிக்க வைத்தார். ஒரு மிடறு குடித்தார்.

“இரும்பு வாடை வருகிறது,” என்றார் தனக்குத் தெரிந்த மலாயில். “அந்த வெள்ளைதான் தண்ணீருக்கு ருசி. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து படிந்தது. பதினெட்டு வருடம்.”

யோகேஸ்வரி தரையைப் பார்த்தாள். மேசையில் சாவி உரசும் சத்தம் கேட்டது. மேடம் அதை அவள் பக்கமே தள்ளியிருந்தார்.

“நாளையிலிருந்து உனக்கு இதுதான் முதல் வேலை. கொதிக்க வை, ஊற்று, மூடியைத் திறந்து காயவை. தினமும். வெள்ளை மறுபடி படியும்வரை.”

மறுநாள் காலை ஏழரைக்கே அவள் வந்துவிட்டாள். தண்ணீர் கொதித்தது. ஊற்றிக் காயவைத்தபின் கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தாள். கருப்புதான் தெரிந்தது. இன்னும் சற்றுக் குனிந்து மறுபடி பார்த்தாள்.