குற்றவாளிக் கூண்டில் ஒரு தேன் கடை

தேன் மொத்த வியாபாரிக்குக் கடைத்தெருவில் 'பாதியார்' என்று பெயர். எவன் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் அவர் பேச்சைத் தொடங்குவார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் அப்படித்தான் தொடங்கினார் என்று அவர் மனைவி சொல்வாள். அவர் அதை மறுத்ததில்லை. கால்வாசி குறைத்தார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வார்.

அந்த மகள் இன்று பழைய நீதிமன்றக் கட்டடத்தில் கடை போட்டிருந்தாள். நீதிமன்றம் ஊருக்கு வெளியே போய்விட்டது. வழக்குகள் காலி செய்த இடத்தில் இப்போது உயர்ரக உணவுச் சந்தை. நீதிபதி மேடையில் ரொட்டி, சாட்சிக் கூண்டில் சாக்லேட், வக்கீல்களின் நீண்ட மேசைகளில் வகைவகையாகச் சீஸ். அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் உயரத்தில் வண்ணக் கண்ணாடிக் கூரை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாள் மட்டும் சோதனைக் கடை தருவார்கள். நிர்வாகி பார்த்துப் பிடித்திருந்தால் இடம் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மகளுக்குக் கிடைத்தது குற்றவாளிக் கூண்டு.

"ஒரு வருஷமா நடையா நடந்து வாங்கியிருக்கேன்ப்பா. வாங்க, பாருங்க, போங்க. பேரம் மட்டும் பேசிடாதீங்க. இங்க யாரும் பேச மாட்டாங்க" என்று காலையிலேயே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

பாதியாரும் வாக்குக் கொடுத்தார். உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் அதைக் காப்பாற்றவும் செய்தார். சீஸ்காரரிடம் வந்ததும் நாக்கு தானாக அசைந்தது.

"இந்தத் துண்டு என்ன விலை?"

சீஸ்காரர் சொன்னார். பாதியார் பாதி சொன்னார். சீஸ்காரர், காய்ச்சலில் பிதற்றுகிறவரைப் பார்ப்பதுபோல அன்பாகப் புன்னகைத்தார். சரி, கடைசி ஆயுதம் என்று பாதியார் முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தார். இது சாதாரண நடை அல்ல. காது பின்னால் இருக்கும், கால் தயங்கும், தோளில் 'உனக்குத்தான் நஷ்டம்' என்று எழுதியிருக்கும். கடைத்தெருவில் நான்காவது கடையைத் தாண்டுவதற்குள் "அட, வாங்க சார்!" என்று குரல் வந்துவிடும். இங்கே தூண் வந்தது, குரல் வரவில்லை.

"இன்னும் நடந்தீங்கன்னா தெருவுக்கே போயிடுவீங்க" என்றாள் பின்னால் வந்த மனைவி. "புள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

"பேரமா பேசினேன்? விசாரிச்சேன்."

"விசாரிச்சது போதும். வாங்க."

கூண்டில் மகள் வெள்ளை ஏப்ரன் கட்டி நின்றிருந்தாள். அவர் கடை டின்னிலிருந்து போன அதே தேன், மருந்து பாட்டில் அளவுக் குப்பிகளில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது. 'காட்டுமலர்த் தேன். கையால் எடுக்கப்பட்டது' என்று சீட்டு. பின்னே காலாலா எடுப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தார், அடக்கிக்கொண்டார். விலையைப் படித்ததும் அடக்க முடியவில்லை.

"ஐநூறா? இது டின்னுக்குப் போட்ட விலையா?" என்று மனைவியின் காதில் கேட்டார்.

"பாட்டிலுக்குங்க. மெதுவா பேசுங்க."

பெருமையில் அவருக்கு மூச்சு அடைத்தது. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் தலையைச் சாய்த்து சீட்டைப் படித்தார்கள், "எவ்வளவு அழகு!" என்றார்கள், போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு பாட்டில் நகரவில்லை. நிர்வாகி இரண்டு முறை அந்தப் பக்கம் வந்து, நிரம்பி வழிந்த அலமாரியை உதட்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

"புள்ள மூஞ்சி சுருங்கிப் போச்சுங்க" என்றாள் மனைவி.

கடைத்தெருவில் ஒரு கடை ஈ ஓட்டினால் அதற்கு வைத்தியம் உண்டு. பக்கத்துக் கடைக்காரன் வாடிக்கைக்காரன்போல வந்து ஊரைக் கூட்டிப் பேரம் பேசுவான். கடைசியில் தோற்று, முணுமுணுத்துக்கொண்டே சொன்ன விலைக்கு வாங்குவான். இவனே இந்த விலைக்கு வாங்குகிறானே என்று கூட்டம் நம்பும். வாங்கிய பொருள் சாயங்காலம் பின்வாசல் வழியாகக் கடைக்குத் திரும்பிவிடும். அந்த வேலையில் பாதியாரை மிஞ்ச ஆள் கிடையாது.

"வேண்டாங்க" என்றாள் மனைவி, அவர் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டதைப் பார்த்து.

அவர் கூண்டின் முன் போய் நின்று தொண்டையைச் செருமினார். "என்னம்மா, தேனா? ஐநூறா? பாதிக்குக் குடு!"

மகள் முகம் ஒரு கணம் வெளுத்தது. பக்கத்தில் சாக்லேட் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சார், இப்ப ஐநூத்தி இருபது."

பாதியாருக்குத் தோற்கத்தான் வந்தோம் என்பது மறந்துபோனது. "என்னது? நான் குறைக்கச் சொன்னா நீ ஏத்தறியே!"

"ஐநூத்தி நாப்பது."

"அடியே... அம்மா! பேரம் பேசினா விலை இறங்கணும். உலகம் பூரா அப்படித்தான்!"

"அது வெளியில சார். இங்க பேசப் பேச ஏறும். ஐநூத்தி எழுபது."

யாரோ சிரித்தார்கள். சீஸ் மேசையில் நின்றவர்கள் தட்டோடு நகர்ந்து வந்தார்கள். பாதியார் தேன் தண்ணீராக இருக்கிறது என்றார், முப்பது ஏறியது. பாட்டில் சின்னது என்றார், இன்னும் இருபது. தேனீக்குக் கூலி கிடையாதே, உனக்கு எதற்கு இவ்வளவு என்றார். கூட்டம் கைதட்டியது, விலை எழுநூறைத் தொட்டது.

தொப்பி போட்ட ஒரு அம்மாள் முண்டியடித்து முன்னால் வந்தாள். "அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு குடும்மா!"

"எனக்கு மூணு!"

"சார், உங்களைக் கும்பிடறேன், கொஞ்சம் சும்மா இருங்க. நாங்க வாங்கிக்கறோம்!" என்று ஒரு பெரியவர் பாதியாரின் தோளை அழுத்தினார்.

அலமாரி கரைந்தது. பின்வாங்க வழியில்லாமல் பாதியாரும் ஒரு பாட்டில் வாங்கினார், எல்லாரையும்விட உசந்த விலைக்கு. மீதியை எதிர்பார்த்துக் கையை நீட்டினார்.

"சில்லறை இல்லை சார்" என்றாள் மகள்.

அப்போது நிர்வாகி காவலாளியோடு வந்தார். வாழ்நாளில் யாரிடமும் உரக்கப் பேசியிராத குரல் அவருக்கு. "இங்க என்ன சத்தம்? யாரு இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

கூண்டில் நின்றவள் கண் இமைக்கவில்லை. "தெரியாது சார். திடீர்னு வந்து கத்த ஆரம்பிச்சுட்டார்."

"என்கிட்டயும் பாதி விலைக்குக் கேட்டார்" என்று வக்கீல் மேசையிலிருந்து சாட்சி சொன்னார் சீஸ்காரர்.

நிர்வாகி அலமாரியைப் பார்த்தார். மூன்றே பாட்டில் மிச்சம்; அதற்கும் நான்கு கைகள் நீண்டிருந்தன. "இப்படிப்பட்ட ஆளை வெச்சுக்கிட்டும் நிதானமா வியாபாரம் பண்ணியிருக்கீங்க. நமக்கு இந்த நிதானம்தான் வேணும். இடம் உங்களுது" என்றார். பிறகு காவலாளியிடம் திரும்பினார். "இவரை இனிமே உள்ள விடாதீங்க. கட்டடத்தோட மரியாதை போகுது."

அந்தக் கூடத்தில் அதுவரை எத்தனையோ தீர்ப்புகள் சொல்லியிருப்பார்கள். கூண்டில் நின்றவரை விட்டுவிட்டுக் கூட்டத்தில் நின்றவரைத் தண்டித்தது இதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும். பாதியாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பெற்ற அப்பனை இப்படி முகம் மாறாமல் 'தெரியாது' என்கிறவளுக்கு இனி வியாபாரத்தில் என்ன குறை? போகலாம் வா என்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

மனைவி காவலாளியை நெருங்கினாள். "யாருங்க இவரு? என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு!"

காவலாளி அவரைக் கைத்தாங்கலாகவே அழைத்துக்கொண்டு போய் வாசலில் விட்டான். உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவி கூண்டுக்குள் ஏறி, காலிப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். மகள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பாதியார் படிக்கட்டில் நின்று பாட்டிலை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவருடைய தேன்தான். ஆனாலும் அந்த விலை கொடுத்த பிறகு நிறம் கொஞ்சம் கூடித்தான் தெரிந்தது. படியேறி வந்த ஒரு தம்பதி நின்றார்கள்.

"இங்க வாங்கினதா சார்? நல்லா இருக்கா? என்ன விலை?"

"விலையைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்றார் பாதியார், காவலாளிக்குக் கேட்காத குரலில். "ஏறிக்கிட்டே இருக்கு. ஓடுங்க, கடைசிக் கூண்டு!"