குளோரியாவின் நீலப் பை

நான்கு மாதமாக ஒரே பதில்தான். "இன்சுலின் ஸ்டாக் இல்லக்கா, அடுத்த வாரம் வாங்க." சொல்பவள் குளோரியா, ஸ்ரீராம்புரத்தில் எங்கள் அரசு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவள். கேட்பவள் நான், எல்லம்மா, அந்தத் தெருவைப் பெருக்குகிறவள். என் வீட்டுக்காரர் முனிராஜுக்குச் சர்க்கரை. வெளியே வாங்கிய மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு ஓட்டினோம். கால் புண் ஆறவில்லை; போன மாதம் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்படியே விட்டால் பாதமே போய்விடும் என்கிறார் டாக்டர்.

ஸ்டாக் இல்லையாம்! யார் காதில் பூ சுற்றுகிறாள்? மூன்று மாதத்துக்கு முன் மருந்து வண்டி வந்து இறக்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். இவளோ தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவள். சாயந்திரம் கிளம்பும்போது தோளில் தடித்த நீலப் பை, ஐஸ் வைத்து மருந்து கொண்டுபோகிற பை மாதிரி. பாவி, என் புருஷன் காலை விற்றுத் தின்கிறாள் என்று வயிறு எரிந்தது.

நேற்று வாசலிலேயே மறித்தேன். அதுவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்ட வாய்தான்.

"பைய தொறடி."

"இன்னாக்கா, என்ன திருடின்றியா?"

"தொற. அப்புறம் சொல்றேன்."

பையை அப்படியே கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், ரயில் பாஸ். எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவள் விடவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"எண்ணிக்கோ. வந்தது நாப்பது. ஒண்ணு கொறஞ்சா என்ன கேளு."

அத்தனையும் இன்சுலின்.

"இத்தன வெச்சிக்கினு இல்லன்னா சொன்ன?"

"இது குடுக்கறதுக்கு இல்லக்கா. ஆபீசர் செக்கிங் வந்தா ஸ்டாக் ஜீரோன்னு இருக்கக் கூடாது. போன தடவ ஜீரோ காட்னதுக்கு எனக்கு மெமோ. அதான் இத தொடறதே இல்ல. அடுத்த லோடு வந்தா குடுப்பேன்."

"செக்கிங் வந்தாங்களா?"

"இன்னும் வரல."

ஒரு குப்பியை எடுத்து நீட்டினேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"தேதி இன்னா போட்டிருக்கு, படி."

படித்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள், பிறகு இன்னொன்று. எல்லாமே போன மாதத்தோடு காலாவதியாகியிருந்தன. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.



"நீ திருடியிருக்கலாம்டி," என்றேன். "யாரோ ஒருத்தர் காலாவது மிஞ்சியிருக்கும்."