நாற்பது வாளி

வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் அபைகுந்தாவுக்குப் பகீரென்றது. செவ்வாய்க்கிழமை அதில் ஒரு சொட்டுகூட ஓடக்கூடாது. கோடை மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் மதகை அடைத்து, ஆற்றை அதன் போக்கில் விட வேண்டும். கிளிமஞ்சாரோ சரிவிலிருந்து இறங்கும் அந்த ஆற்றில் காட்டுக்கும் மீனுக்கும் பங்கு உண்டு. வருடா வருடம் மேட்டில் ஏறி வரும் மோஷி நகரத்தின் குழாய்களுக்கும் உண்டு. ஆற்றில் நட்ட அளவுகோலின் சிவப்புக் கோடு வெளியே தெரிந்தால் வாய்க்காலின் அனுமதி ரத்து. இன்று பத்து மணிக்கு அந்த அளவைப் பார்க்க நீர்த்துறை அதிகாரி வருகிறாள்.

"பொம்பளை மதகுகிட்ட போனா தண்ணி கோவிச்சுக்கும்" என்று முனகியவர்களை மீறித்தான் அபைகுந்தா வாய்க்கால் தலைவியானாள். அனுமதி போனால் ஊரின் வாழையும் காபியும் போகும், பழி முழுக்க அவள் தலையில் விடியும். மண்வெட்டியோடு மேலே ஓடினாள்.

மதகருகே ஹாயாக உட்கார்ந்திருந்தார் பக்கத்துத் தோட்டத்து சிஃபாயேல். அன்று எல்லாரையும்விட அதிகமாக முனகியவர்.

"யோவ் அண்ணே! இன்னிக்கு யார் நாளு?"

"ஆத்தோட நாளு."

"தெரிஞ்சேதான் திறந்தீரா? யாருக்கு?"

"உனக்குத்தான். உன் முறை வர நாளாகும், அதுக்குள்ள உன் பீன்ஸ் பூவோட வாடுது. தலைவியம்மா வாயத் திறந்து கேக்க மாட்டாளே!"

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு வாரமாக அவள் தன் பீன்ஸ் வயல் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் மனசு கேட்காது.

"ஊரையே கவுத்துட்டு எனக்கு பீன்ஸா? புடியும் கல்லை!"

இருவரும் கல்லும் மண்கட்டியும் வாழைத்தண்டும் போட்டு மதகை அடைத்தார்கள். பிறகு அளவுகோலிடம் ஓடி, தண்ணீரையே வெறித்துக்கொண்டு நின்றார்கள். அது விரல் விரலாக ஏறியது. அதிகாரியின் வண்டி வந்து நின்றபோது கோடு அப்போதுதான் மறைந்திருந்தது.

"அளவு சரியா இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஏன் சேத்துல குளிச்சிருக்கீங்க?" என்றாள் அதிகாரி.

அபைகுந்தாவுக்குப் பொய் வராது. "காலைல கொஞ்ச நேரம் திறந்திருந்துச்சும்மா. அடைச்சுட்டோம்."

சிஃபாயேல் வேலியிலிருந்து ஒரு மசாலே இலையை ஒடித்து, இரு கையாலும் அபைகுந்தாவிடம் நீட்டினார். அந்த இலையை நீட்டிய ஆளை மன்னிக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் அந்தச் சரிவில் கிடையாது.

"மன்னிச்சேன், போம். ஆனா அபராதம் அபராதம்தான்."

"என்ன அபராதம்?" என்று அதிகாரி நோட்டைத் திறந்தாள்.

அபைகுந்தா, தானே எழுதிய விதியை விறைப்பாக ஒப்பித்தாள். "தப்பு பண்ணினவங்க, அவசரத்துக்குன்னு சேத்து வச்ச, வேற யாரும் தொடக்கூடாத தேக்கக் குட்டையிலேருந்து நாப்பது வாளி சுமந்து, ஊர்லயே ரொம்பக் காஞ்ச வயலுக்கு..."

அங்கே நின்றுவிட்டாள். எந்த வயல் என்று ஊருக்கே தெரியும்.

அதிகாரிதான் முதலில் சிரித்தாள். "நீங்க எழுதின சட்டம்தானே? நடக்கட்டும். அனுமதிக்கு ஒண்ணும் ஆகாது."

மத்தியானம் ஊரே வரப்பில் கூடி வாளிகளை எண்ணியது. நாற்பதாவது வாளி பீன்ஸ் வேரில் இறங்கியபோது பெண்கள் குலவையிட்டார்கள். அபைகுந்தா மறைக்காமல் அழுதாள், சிரித்துக்கொண்டே.

சிஃபாயேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, போன வாரமே திருடியிருப்பேனே!"