டீச்சரம்மா தடுக்கும் இடம்

காவாந்தண்டலம் அங்கன்வாடி டீச்சர் ரேணுகா வீட்டுக்குள் உட்கார்ந்து பேஸ் கிட்டார் வாசித்தால், அந்தச் சத்தம் அவள் வீட்டில் கேட்காது. தெருவிலுள்ள மற்ற வீடுகளின் தண்ணீர்ப் பாத்திரங்களில் கேட்கும். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தோடிய வருஷத்து ஐப்பசியில் இது தொடங்கியது. பித்தளை அண்டா, சில்வர் குடம், மாட்டுத் தொட்டி என்ற பேதம் கிடையாது. தண்ணீர் இருந்தால் போதும். முதலில் போர் மோட்டார் கெட்டுவிட்டது என்று உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட்டு, கோளாறு மோட்டாரில் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். ரேணுகா சாலவாக்கத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்த வாரம் பாத்திரங்கள் சும்மா இருந்தன. அவள் பஸ்ஸைவிட்டு இறங்கிய சாயங்காலமே மறுபடி ஆரம்பித்துவிட்டன. அதோடு ஊருக்கு விஷயம் விளங்கியது. ஆனால் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சோறூட்டி, மூக்கைத் துடைத்துவிட்டு, தூங்கவைக்கிற டீச்சர். அவர் முகம் சுருங்கும்படி இதைப் போய் எப்படிச் சொல்வது என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள்.

அந்தக் கிட்டார் அவளுடைய சித்தி மகன் கார்த்திக் விட்டுப்போனது. கல்யாணக் கச்சேரிகளில் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது அதை அக்கா வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனான். மகள் திவ்யா செங்கல்பட்டில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, புருஷன் எழிலும் ஒரகடம் கம்பெனிக்கு இரண்டாம் ஷிப்ட் போய்விட்டால், சாயங்காலத்தில் ரேணுகாவுக்குப் பேச ஆளில்லை. பரணைச் சுத்தம் செய்யப் போனவள் கிட்டாரை இறக்கி மடியில் வைத்தாள். தடித்த நாலு கம்பிகளில் ஒன்றைத் தட்டியதும் அது அடிவயிற்றில் போய் நின்றது. போனில் தேடியபோது, ஃபங்க் என்றொரு வாசிப்பைக் கற்றுக்கொடுக்கும் ஒரு வெளிநாட்டுக்காரன் கிடைத்தான். அவன் பேசியது புரியவில்லை, அவன் கட்டைவிரல் புரிந்தது. கட்டைவிரலால் கம்பியை அறைய வேண்டும், ஆள்காட்டி விரலால் கொக்கி போட்டு இழுத்துவிட வேண்டும், முதல் அடி மட்டும் கனமாக விழ வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்ற தைரியத்தில் தினமும் வாசித்தாள். ஓர் இடம் மட்டும் வரவேயில்லை. கட்டைவிரல் இரண்டு முறை விழுந்து, ஒரு கணம் சும்மா இருந்து, பிறகுதான் இழுக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பது அவளால் முடியவில்லை. அவசரப்பட்டு இழுத்துவிடுவாள், கம்பி ‘ப்ளக்’ என்று கோழி போலக் கத்தும். ஒரு வருஷத்துக்கு மேல் அதே இடத்தில் தடுக்கினாள். தெருவும் அவளோடு சேர்ந்து தடுக்கியது. அந்த நேரத்தில் பால் கறக்கிறவர்கள் அந்த இடம் வந்தால் கையை நிறுத்தி, அது கடந்த பிறகு கறந்தார்கள். டீக்கடையில் எழிலைப் பார்த்து, “இன்னா எழிலு, இன்னமும் அங்கியே நிக்குதா வண்டி?” என்று கேட்பார்கள். அவன் தலையைக் குனிந்து டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவான். வீட்டில் வாய் திறந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி வீட்டுப் பஞ்சாட்சரம் இறந்துபோனார். ஏரிக்குக் கீழே நிலம் வைத்துப் பயிர் செய்தவர். காது கேட்காமல் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. ரேணுகா காலையில் போய் மாலை போட்டுவிட்டு, தலைவலி என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவே சாவு வீட்டில் இருந்தது. இப்படியொரு தனிமை வாய்க்காது என்று கிட்டாரை எடுத்து, அன்றைக்கு என்றுமில்லாத வேகத்தில் வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் எழில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“ரேணு, நிறுத்து.”

“இன்னாங்க?”

“அங்க ஐஸ் பொட்டி அடிச்சிக்கினு கீது. உன் வாசிப்பு. பொணம் குலுங்குது. மேளக்காரங்க தாளம் தப்பி நின்னுட்டாங்க.”

அவள் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். குடத்துச் சேதி, மோட்டார் சேதி, டீக்கடைச் சேதி எல்லாவற்றையும் அவன் நின்றபடியே சொல்லி முடித்தான்.

“எத்தினி நாளா உங்களுக்குத் தெரியும்?”

“மொதல்லேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது, ரேணு?”

பெட்டிக்கு அடியில் சேர்ந்திருந்த தண்ணீர்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. சாவு வீட்டை நினைத்து ஒரு கூச்சம் என்றால், அதைவிடப் பெரிய கூச்சம் தான் தடுக்கிய ஒவ்வொரு தடவையையும் ஊர் கேட்டிருக்கிறது என்பது. உடம்பில் துணியில்லாமல் ஒரு வருஷம் தெருவில் நடந்துவிட்டு அன்றுதான் குனிந்து பார்த்ததுபோல் இருந்தது. கிட்டாரைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டாள். அங்கன்வாடிக்குப் போகும்போது வயல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள். அந்த அன்பு ஒவ்வொன்றும் முள்ளாகத் தைத்தது. பஞ்சாட்சரத்தின் காரியத்துக்கும் அவள் போகவில்லை. பாத்திரங்களில் தண்ணீர் தண்ணீராக மட்டும் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பஞ்சாட்சரத்தின் மனைவி கோவிந்தம்மாளே அவள் வீட்டுக்கு வந்தார். புருஷன் போய் மாதம் ஆவதற்குள் பெண்கள் இன்னொரு வாசல் மிதிப்பது அந்த ஊரில் இல்லாத வழக்கம். ரேணுகா சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“கதவாண்ட நிக்கறது தெரியுது. வாம்மா இப்டி,” என்றார் கோவிந்தம்மாள். அவள் வந்து நின்றதும் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்கூட்டுக்காரருக்கு இடி இடிச்சாலும் கேக்காது. உன் சத்தம் மட்டும் கேட்டுச்சி. சாயங்காலமானா அண்டா மேல கைய வெச்சிக்கினு குந்திக்குவாரு. நீ அந்த எடத்துக்கு வர்றப்ப வெரலத் தூக்குவாரு, தோ தடுக்கப் போறா பாருன்னு. நீ தடுக்குவ. ரெண்டு பேரும் சிரிப்போம். அன்னிக்குப் பொட்டியில அந்த எடம் வந்துச்சி. அவரு மூஞ்சியப் பாத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சிம்மா. மாரடிச்ச கையோட சிரிச்சிட்டேன்.”

மானாம்பதியில் கட்டிக்கொடுத்த நாத்தனார் பார்வதி அதைப் பார்த்துவிட்டாளாம். அண்ணன் பிணத்துக்கு முன்னால் பல்லைக் காட்டியவள் என்று அங்கே பேசாத வாய் இல்லையாம். முப்பதாம் நாள் படையலுக்கு எல்லாரும் வருகிறார்கள்.

“அன்னிக்கு நீ வாசிக்கணும். நான் எதுக்குச் சிரிச்சேன்னு அவங்க காதாலயே கேக்கட்டும்.”

“என்னால முடியாது பெரிம்மா. மானமே பூட்ச்சி.”

“எனக்கும்தான் பூட்ச்சி,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ரேணுகா கிட்டாரை இறக்கினாள். ஆனால் கம்பியைத் தொட பயமாக இருந்தது; தொட்டால் குடங்களுக்குத் தெரிந்துவிடும். தொடையில் தட்டியே பழகினாள். சோறு வேகும்போதும், பிள்ளைகள் தூங்கும்போதும் கட்டைவிரல் இரண்டு முறை விழுந்தது. தப்பு செய்தால் ஊர் கேட்கும் என்ற பயத்தில் அவசரம் தானாக ஒடுங்கியது. படையலுக்கு முந்தின நாள் அந்த ஒரு கணம் அவள் கையில் சும்மா நின்றது. அதன் பிறகு விரல் இழுத்தது. அவள் மறுபடி தட்டிப் பார்த்தாள். மறுபடியும் நின்றது. சந்தோஷத்தில் அழுதாள். நாளை ஊர் முழுக்கக் கேட்கும்போது தடுக்காமல் வாசித்தால் பட்ட அவமானம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

மறுநாள் கோவிந்தம்மாள் வீட்டில் இலை போட்டிருந்தார்கள். எழிலும் அங்கே உட்கார்ந்திருந்தான். ரேணுகா தன் வீட்டில் வாசிக்கத் தொடங்கியதும், கூடத்து மூலையிலிருந்த அண்டா கனமாக முதல் அடி போட்டது. மானாம்பதிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தம்மாள் எழுந்து போய் அண்டா மேல் கையை வைத்துக்கொண்டு, “உங்கண்ணன் இப்டிதான் தூக்குவாரு,” என்று ஒரு விரலைத் தூக்கினார். இங்கே ரேணுகாவின் கட்டைவிரல் ஒரு முறை விழுந்தது, இரண்டாம் முறை விழுந்தது. அந்தக் கணம் வந்தது. அதில் சும்மா இருக்க இப்போது அவளுக்குத் தெரியும். கோவிந்தம்மாள் எதற்குச் சிரித்தார் என்று காட்ட அந்த ஊரில் அவளை விட்டால் ஆளில்லை என்பதும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அவசரமாக இழுத்தாள். தெருவிலிருந்த அத்தனை பாத்திரத்திலும் ‘ப்ளக்’ என்றது. காது முதல் கழுத்து வரை அவளுக்குச் சுட்டது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் தடுக்கினாள்.

முதல் ‘ப்ளக்’குக்குப் பார்வதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவதற்கு அவர் வாயிலிருந்த சோறு இலையில் சிதறியது. பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பார்வதி அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார் என்றும், இனி மானாம்பதியில் அந்தப் பேச்சு வராது என்று அவரே சொன்னார் என்றும் எழில் வந்து சொன்னான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவன், “வேணும்னே தப்பு பண்ணியா?” என்று கேட்டான். ரேணுகா கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்தாள். அவன் அவளுடைய வலதுகையை எடுத்து, காய்த்துப்போன கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

போன தை மாதம் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஆனாலும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடத்தைப் பாதித் தண்ணீரோடு வைத்திருக்கிறார்கள். பாதித் தண்ணீரில்தான் மிகத் தடித்த கம்பி நன்றாகப் பேசுகிறது. புதிதாகக் கல்யாணமாகி வரும் மருமகள்கள் முதல் நாள் பயப்படுகிறார்கள், இரண்டாம் நாள் கேட்கிறார்கள், மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். ரேணுகாவுக்குக் கூச்சம் போகவில்லை. வாசிக்க உட்காருமுன் இப்போதும் கதவு ஜன்னலெல்லாம் சாத்தித் தாழ்போடுகிறாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை.