பதினான்காவது புரதம்

வார்டில் ஸ்டாண்டுகள் தீர்ந்துபோயிருந்தன. சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அக்காவின் கட்டிலருகே நின்றிருந்தாள் அவள். ஒரு கை கடுத்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர், அதற்கடுத்து ஒரு கர்ப்பிணி, எல்லோரும் அதே கதியில் கிடந்தார்கள். எங்கும் பினாயில் நெடி. அதையும் மீறி இன்னொரு நெடி.

மண்ணுக்கடியில் எங்கேயோ குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஊரே படுத்துவிட்டது. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பள்ளியை மூடிய பிறகும் சும்மா இருக்கவில்லை. காய்ச்சிய தண்ணீரைக் கேன்களில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிள்ளைகளின் வீடு வீடாக இறக்கிவிட்டு வந்தாள். ரத்தமாகப் போக ஆரம்பித்த பின்னும், "உடம்புச் சூடு, சரியாப் போயிடும்" என்று இன்னொரு நடை போய்வந்தாள்.

தங்கைக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவளை முந்திக்கொண்டு அக்காதான் பதில் சொல்வாள். "வயித்துப்போக்குக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிறா. அதுவும் கம்ப்யூட்டர்லயே. கைகூட நாறாது, பாருங்க."

சொன்னது ஏறக்குறையச் சரிதான். சீதபேதிக் கிருமியின் மரபணுவில் எழுதியிருக்கிற ஆயிரக்கணக்கான புரதங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சலிப்பது அவள் வேலை. கிருமிக்குள்ளே ஒளிந்திருப்பதைத் தள்ள வேண்டும். மனித உடம்பின் புரதத்தைப் போல இருப்பதையும் தள்ள வேண்டும். கிருமியின் மேல்தோலில் துருத்திக்கொண்டு, உடம்பின் காவல் கண்ணில் படுகிற மாதிரி நிற்பது எதுவோ, அதைப் பிடித்துவைக்க வேண்டும். தடுப்பூசிக்கு அதுதான் வித்து. வருடக்கணக்காகச் சலித்ததில் கொஞ்சம் மிஞ்சியது. அதில் பதினான்காவதாக இருந்ததன் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். இன்னும் எலிக்குக்கூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அக்காவை வார்டில் சேர்த்த அன்று, டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மலம் எடுக்க ஒரு சின்னக் குப்பியோடு அவள் வந்தபோது அக்காவின் கணவர், மாமா, கத்திவிட்டார்.

"உனக்கு அறிவிருக்கா? அவ கிடக்கிற நிலைமையில உனக்கு உன் ஆராய்ச்சியா பெருசு?"

அக்காதான் கண்ணைத் திறந்தாள். "எடுத்துக்கட்டும், விடுங்க. இப்போதைக்கு என்கிட்ட அதுதான் ஏராளமா இருக்கு."

மாமா சிரித்துவிட்டார். அவர் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

கொடுத்த மருந்து எதற்கும் கிருமி மசியவில்லை. ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கினார்கள். எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடமோ வந்து குவிந்த குப்பிகளில் மூழ்கிக் கிடந்தது. இன்று காலை அக்காவின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"என்னடி," என்றாள் அக்கா. குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. "உன் ஊசி எப்ப வரும்?"

"வந்துடும்க்கா."

"பொய் சொல்லாத. மூக்கு விடைக்குது."

அவள் பாட்டிலை மறு கைக்கு மாற்றினாள். "நாளாகும்க்கா. வருஷக்கணக்கா ஆகும்."

"சரி. என் பொண்ணுக்காவது ஆகும்." பிறகு, "கை வலிக்கும்டி, இறக்கு" என்றாள்.

அவள் இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண்கள் மூடிக்கொண்டன. டாக்டர் வந்து அக்காவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "போதும்மா. கையை இறக்குங்க" என்றார்.

அப்போதும் பாட்டிலில் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

தொற்று என்பதால் உடம்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. வீட்டில் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கலாம், உடனே எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. வந்தவர்களில் பாதிப்பேர் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேனில் போகிற பிள்ளை ஒன்றின் அம்மா மட்டும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணிக் கேன் மூடி கெட்டியா இருக்கான்னு திரும்பி வந்து பாத்துட்டுப் போச்சே இந்தப் பொண்ணு," என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

பெரியப்பா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீ இதுலதானே இருக்கே? உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து குளியலறைப் பக்கம் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு உள்ள?"

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. அக்காவின் மகள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருக்கும் என்று நினைத்தால், கண்கள் குழி விழுந்து, உதடு காய்ந்து, வேறு ஏதோ பிள்ளை மாதிரி இருந்தாள்.

"சித்தி, எனக்கும் அம்மா மாதிரியே வருது."

"எப்பலேருந்து?"

"நேத்திலேருந்து. எல்லாரும் அழுதீங்களா, அதான் சொல்லல."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிய பிறகும் சிவப்பு போகவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்.

"மேடம், லீவுல இருக்கீங்கன்னு தெரியும். நீங்க குடுத்த வார்டு சாம்பிள்ல இருந்த கிருமியோட மரபணுவை முழுசாப் படிச்சாச்சு. சேதி நல்லா இல்ல. நம்ம பதினாலு இதுல இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லவே இல்ல மேடம். அந்தத் துண்டே உதிர்ந்து போயிருக்கு. ஊசி தயாராகி, இந்தப் பேஷன்ட்டுக்குப் போட்டிருந்தாக்கூடப் பிரயோஜனம் இருந்திருக்காது."

குப்பியின் மேல் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

அவள் குளியலறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் வேகமாகச் செய்திருந்தால், இன்னும் கொஞ்சம் முட்டி மோதியிருந்தால் என்று காலையிலிருந்து நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அப்படி அறுத்துக்கொள்ளக்கூட வழியில்லை. எத்தனை வேகமாக ஓடியிருந்தாலும் அக்காவிடம் வந்து சேர்ந்திருக்க முடியாது. பிள்ளை வந்து அவள் தோளில் சாய்ந்தாள். சட்டை வழியாகவே உடம்பு கொதித்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். மருந்தை எதிர்க்கிற மரபணு எதெல்லாம் இருக்கு? படிங்க. மெதுவா."

அவர் படித்தார். வார்டில் அக்காவுக்குக் கொடுத்த மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் கிருமி பூட்டுப் போட்டு வைத்திருந்தது. பிறகு அவர் கொஞ்சம் இழுத்தார். "ஒண்ணுக்கு மட்டும் எதுவும் தெரியல. அந்தப் பழைய மருந்து. இப்ப யாரும் அவ்வளவா போடறதில்ல."

"அது கேக்குமா?"

"கம்ப்யூட்டர் சொல்ற வரைக்கும் கேக்கணும். கிருமியை வளர்த்து மருந்து வச்சுப் பாத்தாத்தானே நிச்சயமாச் சொல்ல முடியும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. அப்படியே வார்டு டாக்டருக்கு அனுப்புங்க. இப்பவே."

"யாருக்காக மேடம்?"

"எங்க அக்கா பொண்ணுக்கு."

"அப்ப அந்த சாம்பிள்..." என்று அவர் தொடங்கினார். அவள் போனை வைத்துவிட்டாள்.

பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அக்காவை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். யாரோ ஒரு அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போற? கூடப்பிறந்தவ நீ. பெத்த பொண்ணு கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாக்க வேண்டாமா?"

மாமா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் பார்வை மகளின் முகத்தில் விழுந்து, துண்டில் ஊறிய கறையில் இறங்கி, அங்கேயே நின்றது.

"மருந்து இருக்கா?"

"ஒண்ணு இருக்கு மாமா. கேக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"ஆமா. நினைக்கிறேன்."

அவர் வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"இவளை நீ கொண்டு போ," என்றார். "அவளை நான் கொண்டு போறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். தெருமுனையில் வண்டி ஒரு பக்கம் திரும்பியது, கார் இன்னொரு பக்கம் திரும்பியது. பிள்ளை தலையைத் தூக்கவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் பார்த்த அதே டாக்டர்தான் இருந்தார். வந்திருந்த தகவலை இரண்டு முறை படித்தார்.

"இது வெறும் கம்ப்யூட்டர் கணக்குதானேம்மா?"

"ஆமா டாக்டர்."

"தப்பா இருந்தா?"

அவள் பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டை விலக்கினாள். அவர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. "சரி, போடுவோம்," என்றார். "வேற என்ன வச்சிருக்கோம் நாம?"

நர்ஸ் நெடுநேரம் தேடிப் புறங்கையில் ஒரு நரம்பைப் பிடித்தாள். "ரொம்ப வறண்டு போயிருக்கு குழந்தை. மூத்திரம் போனா உடனே சொல்லுங்க. அதுதான் நமக்கு நல்ல சேதி."

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அவள் ஸ்பூன் ஸ்பூனாகப் பிள்ளையின் உதட்டில் விட்டாள். பாதி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடி விட்டாள். எப்போதோ மாமாவிடமிருந்து போனில் ஒரே ஒரு சொல் வந்திருந்தது: முடிந்தது. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகி இறங்கும் நேரம், பிள்ளை நெளிந்தாள்.

"சித்தி."

"சொல்லுடா."

"படுக்கையை நனைச்சுட்டேன். திட்டாத."

அவள் போர்வையை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பான ஈரம். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள். சிவப்பு இல்லை.

நர்ஸைக் கூப்பிட வேண்டும். வார்டின் மறுகோடியில், யாருக்கோ நரம்பு தேடிக் குனிந்திருந்தாள் நர்ஸ். கையை மறுபடியும் அந்த ஈரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, நர்ஸ் நிமிர்வதற்காகக் காத்திருந்தாள்.